யார் கணக்கில் எழுதுவது?

சிக்கிமுக்கிக் கல் எதிலிருந்து வந்தது தெரியுமா? பஞ்சிலிருந்து!

சிரிக்காதீங்க. தலையணைப் பஞ்சு இல்லை, கடற்பஞ்சு. அதுவும் ஒரு பிராணிதான். மூளை கிடையாது, நரம்பு கிடையாது, கண்ணும் கிடையாது. உட்கார்ந்த இடத்திலேயே கடல்நீரை வடிகட்டிச் சாப்பிடும். அந்த நீரில் கரைந்திருக்கும் துளியூண்டு சிலிக்காவைப் பிரித்தெடுத்து, கண்ணாடி மாதிரி குட்டிக் குட்டி ஊசிகள் செய்து, அதையே எலும்புக்கூடாக வைத்துக்கொள்ளும். செத்தால் உடம்பு அழுகிவிடும். ஊசிகள் கடலடியில் தங்கிவிடும்.

சுமார் 9 கோடி வருஷத்துக்கு முன்னால் இன்றைய இங்கிலாந்தின் பெரும்பகுதி கடலுக்கு அடியில் கிடந்தது. அங்கே உதிர்ந்த ஊசிகள் கோடானுகோடி. சுண்ணாம்புச் சேற்றுக்குள் கரைந்து, மறுபடி இறுகிக் கல்லாகிவிட்டன.

அங்கே நார்ஃபோக்கில் 'கிரைம்ஸ் கிரேவ்ஸ்' என்று ஓர் இடம். சுமார் 4,600 வருஷத்துக்கு முன்னால், மான்கொம்பையே கடப்பாரையாக்கி, 13 மீட்டர் ஆழம் வரை தோண்டி மனிதர்கள் இந்தக் கல்லை எடுத்தார்கள். கோடரி செய்தார்கள். காடு வெட்டி வயல் உண்டாக்கினார்கள். பிற்பாடு நெப்போலியனோடு சண்டை நடந்தபோது, பக்கத்து ஊரான பிராண்டனில் இதே கல்லைச் செதுக்கி, பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கிகளுக்கு அனுப்பினார்கள். மருந்தைப் பற்றவைக்கும் தீப்பொறிக்கு!

இப்போ கணக்குப் பார்ப்போம். வயலில் விளைந்த புண்ணியத்தைக் கடற்பஞ்சின் பெயரில் வரவு வைக்கலாமா? குண்டடிபட்டுச் செத்தவனின் பாவத்தைப் பற்று எழுதலாமா? ரெண்டும் கூடாது. பாவம், அதுக்கு என்ன தெரியும்? கோடானுகோடி ஊசிகளில் அது போட்டது ஒரு சில. அவ்வளவுதானே?

இந்தப் பதிலை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை?

"நான் வெறும் கையெழுத்துதான் போட்டேன் சார். மேலே சொன்னாங்க, செஞ்சேன். பத்து பேர்ல நானும் ஒருத்தன்."

ஆற்றில் சாயக்கழிவை விடும் ஆலைக்கு 'எல்லாம் சரி' என்று டிக் அடித்தவர் சொல்வது இதைத்தான். கலப்படச் சரக்கு என்று தெரிந்தே பில் போட்டவர் சொல்வதும் இதைத்தான். ஒரு ஊசியால் பாறை உண்டாகாது என்பது நிஜம்தான். ஆனால், அந்தப் பாறையில் ஊசியைத் தவிர வேறென்ன இருந்தது?

கடற்பஞ்சுக்குக் கண் இல்லை. நமக்கு இருக்கிறது. 9 கோடி வருஷம் கழித்து நடப்பதற்கு யாரும் உங்களைக் கூப்பிட்டுக் கேட்கப்போவதில்லை. பேரன் காலம்கூட வேண்டாம். அடுத்த மேஜைக்கு நீங்கள் தள்ளிவிடுகிற ஃபைல், யார் வயிற்றில் அடிக்கப்போகிறது? பாதி நேரம் அது நமக்குத் தெரியும். எது வரைக்கும் தெரியுமோ, அது வரைக்கும் அது நம்ம கணக்குதான். தெரியாத மிச்சத்தை வேண்டுமானால் கடற்பஞ்சோடு சேர்த்துத் தள்ளுபடி செய்துகொள்ளலாம்.