எந்த ஊர்ச் சரக்கு?

நெய்வேலிப் பிள்ளைகள் "கரன்ட் எங்கிருந்து வருது?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பா ஷிஃப்ட் முடிந்து சட்டை மடிப்பில் நிலக்கரித் தூளோடு வருவார். மின்சாரத்தின் ஊர் பேர் எங்களுக்கு அந்தச் சட்டையிலேயே இருந்தது. சென்னைக்கு வந்தபிறகுதான், ஸ்விட்ச் போடுகிறவனுக்கு அந்தத் தகவல் தேவையே இல்லை என்று புரிந்தது.

2022-இல் அலுவலகத்துக்குள் பயன்படுத்த ஒரு பேக்கேஜ் தேடல் கருவி எழுதினேன். பெயர், வெர்ஷன், ஒருவரி விளக்கம், கடைசியில் 'மூலம்': எங்கள் சொந்தக் களஞ்சியமா, ஊருக்கே பொதுவானதா. திரை நெரிசலாக இருக்கிறதென்று அந்தக் கடைசிக் கட்டத்தை எடுத்துவிட்டேன். "யாருண்ணா அதெல்லாம் பாக்கப்போறா?" என்றான் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன். ஒரே மாதத்தில் அவனே, எங்கள் பேக்கேஜின் பெயரில் பொதுவில் கிடந்த வேறொன்றை, வெர்ஷன் எண் பெரிதாக இருக்கிறதே என்று இன்ஸ்டால் செய்தான். விபரீதம் எதுவும் இல்லை, யாரோ எழுதிப் பழகிய கோட் அது. ஆனால் திட்டு அவனுக்கு விழுந்தது. மீட்டிங்கில் நான் வாய் திறக்கவில்லை.

இத்தனைக்கும் ஆபத்து எனக்குத் தெரியும். அலெக்ஸ் பிர்சான் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உட்பட 35-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குள் இதே பெயர்க் குழப்பத்தால் தன் கோட் ஓடியதை 2021 பிப்ரவரியிலேயே எழுதியிருந்தார். அதே 2022 டிசம்பரில் பைடார்ச்சின் நைட்லி பதிப்பும் இப்படித்தான் அடிவாங்கியது.

நான் பொய் சொல்லவில்லை, காட்டாமல் விட்டேன், அவ்வளவுதானே என்று ரொம்ப நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் பழகிய பெயரை மட்டும் காட்டினால், 'நீ நினைக்கிறதுதான் இது' என்று சொன்னதாகத்தானே அர்த்தம்?

மூலத்தைக் காட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. 2024-இல் எக்ஸ்இசட் கருவிக்குள் பின்கதவு வந்தது முறையான மூலத்திலிருந்தேதான். "நாங்கதான் போட்டிருந்தோமே" என்று கம்பெனிகள் கைகழுவவும் அந்தக் கட்டம் உதவும். இருந்தாலும் அது வேண்டும் என்பேன். பார்க்க வழியே கொடுக்காமல் ஒருவனை 'ஏன் பார்க்கல?' என்று கேட்பது அநியாயம்.

2023 ஜூலையில், சுரங்க விரிவாக்கத்துக்குக் கால்வாய் வெட்ட, வளையமாதேவியின் நெல் வயல்களில் எந்திரங்கள் இறங்கின. ஏ.சி. அறையில் உட்கார்ந்து அந்த வீடியோவைப் பார்த்தேன். கிரிட்டில் கலந்துவிட்ட மின்சாரத்தில் எந்த யூனிட் எந்த வயலுக்கு அடியிலிருந்து வந்தது என்று எழுத முடியாது. பேக்கேஜில் முடியும், அதுவும் ஒரே ஒரு கட்டத்தில்.

அன்று ராத்திரியே அதைத் திரும்பப் போட்டேன். எடுத்தது நான்தான் என்று அந்தப் பையனிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. அவன் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறான். நம்பர் என்னிடம் இருக்கிறது.