மணல் வீடும் மறைப்பு என்னும் அருளும்

குழந்தைகள் தோட்டத்தில் ஆடத்தக்க விளையாட்டுகளைப் பட்டியலிடும் பெற்றோர் கையேடுகள் பலவற்றில், ஒவ்வொரு விளையாட்டுக்கும் எதிரே அதனால் விளையும் நன்மையும் எழுதப்பட்டிருக்கும். மண்ணைப் பிசைந்தால் விரல்கள் வலுப்பெறும், குவளையிலிருந்து வாளிக்கு நீரை மாற்றினால் அளவு பற்றிய அறிவு வரும், விதை ஊன்றிக் காத்திருந்தால் பொறுமை வளரும் என்று அவை கூறுவன பெரும்பாலும் உண்மையே. ஆயினும், இன்ன பயனுக்காக என்று முன்னரே வரையறுக்கப்பட்ட ஒரு செயல் விளையாட்டாகவே எஞ்சுமா, அன்றிப் பாடமாக மாறிவிடுமா என்ற கேள்வியை அவை எழுப்புவதில்லை. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் விளையாட்டை உழைப்புக்கு இடையிலான இளைப்பாறலாகவே கருதினார். இளைப்பாறல் மீண்டும் உழைப்பதற்காக என்பதால், அவர் பார்வையில் விளையாட்டுக்குத் தனி மதிப்பு அதிகம் இல்லை. இந்திய மெய்யியலோ இதே கேள்வியைக் குழந்தையிடமிருந்து தொடங்காமல் கடவுளிடமிருந்து தொடங்கியது.

வேதாந்தத்தின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகிய பிரம்ம சூத்திரம், இரண்டாம் அத்தியாயத்தின் முதற் பாதத்தில் ஒரு தடையை எழுப்பி விடை கூறுகிறது. அறிவுடைய எவரும் பயன் கருதியே ஒரு செயலைத் தொடங்குவர். பயன் கருதுவோர் குறையுடையோர். எனவே குறைவற்ற இறைவன் உலகைப் படைத்தான் என்பது பொருந்தாது என்பது தடை. படைப்பு அவனுக்கு வெறும் லீலை, அதாவது விளையாட்டு, என்பது விடை. இதற்கு உரை எழுதிய சங்கரர், விரும்பியன எல்லாம் கைவரப்பெற்ற அரசன் ஒருவன் வேறு பயன் எதனையும் நாடாமல் விளையாடுவதையும், மூச்சு தன் இயல்பிலேயே வந்துபோவதையும் சான்று காட்டுகிறார். உலகத்து விளையாட்டில் நுண்ணிய பயன் ஏதேனும் இருப்பதாக ஒருவர் கொண்டாலும், இறைவன் விளையாட்டில் அதுவும் இல்லை என்று மேலும் ஒரு படி செல்கிறார். இராமானுசர் தம் உரையில், உலகம் முழுவதையும் ஆளும் வேந்தன் பந்தாடுவதை எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். இரு உரையாசிரியரும் பலவற்றில் எதிரெதிரே நிற்பவர்கள். ஆனால் விளையாட்டு நிறைவிலிருந்து பிறப்பது, குறையிலிருந்து பிறப்பதன்று என்பதில் அவர்களுக்குள் வேறுபாடு இல்லை.

இவ்விடையோடு சிக்கல் தீர்ந்துவிடவில்லை என்பதை அச்சூத்திரங்களின் ஆசிரியரே அறிந்திருந்தார். அடுத்த சூத்திரத்திலேயே, படைப்பு விளையாட்டு எனில் ஒருவர் செல்வத்திலும் மற்றொருவர் துன்பத்திலும் பிறப்பது இறைவனின் ஓரவஞ்சனையும் இரக்கமின்மையும் ஆகாதா என்ற ஐயத்தை எழுப்பி, அவரவர் வினைக்கு ஏற்ப என்று அமைதி கூறுகிறார். சைவ சித்தாந்தம் இந்த இடத்தில் வேறொரு வழியைத் தேர்கிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரில், இறைவனின் தொழில்களை விளையாட்டு என்று சொல்வதும் பொருந்தும் என ஒப்புக்கொண்டு, உடனே, உயிர்களுக்கு உலக நுகர்வையும் வீடுபேற்றையும் வழங்கி அவற்றின் மலங்களைத் துடைப்பதற்காக என்றும் சொல்லலாம் என்கிறார். மலம் என்பது உயிரின் அறிவைத் தொன்றுதொட்டு மறைத்துள்ள அழுக்கு. பயன் உண்டு, ஆனால் அப்பயன் இறைவனுக்குரியதன்று, உயிருக்குரியது என்பதே இதன் கருத்து. விளையாட்டு, பயன் என்னும் இரண்டையும் ஒன்றையொன்று விலக்காமல் அருகருகே நிறுத்திய இந்த நிதானம், குழந்தை விளையாட்டைப் பற்றிப் பேசுவோர் கவனிக்கத்தக்கது.

தமிழ் இலக்கியத்தில் குழந்தைகளின் வெளிப்புற விளையாட்டுக்கு மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று சிற்றில். சிறுமியர் மணலால் சிறுவீடு கட்டி, மணலையே சோறாகச் சமைத்து ஆடுவது இது. கலித்தொகையின் குறிஞ்சிக்கலிப் பாடல் ஒன்றில், அந்தச் சிற்றிலைக் காலால் சிதைத்துத் திரிந்த சிறுவனே பின்னர்க் காதலனாக வருகிறான். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் ஆண்பால் குழந்தைக்கு வகுத்த பத்துப் பருவங்களுள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகிய மூன்றும் வெளியில் ஆடும் ஆட்டங்களே. சிற்றில் பருவத்தில் பாட்டுடைத் தலைவன் கட்டுபவன் அல்லன், சிதைப்பவன். கட்டிய சிறுமியர் அவனிடம் சிதைக்க வேண்டா என்று மன்றாடுவர். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் திருமொழி முழுவதும் இம்மன்றாட்டுதான். நாள் முழுதும் முதுகு வலிக்கக் குனிந்திருந்து இழைத்த வீடு அது. சிறிய பானை, சிறிய முறம், நுண்மணல் ஆகியவை அவர்களின் கருவிகள். அழிக்க வருபவனோ உலகங்களையே ஒடுக்கவல்ல கண்ணன். இறைவனின் விளையாட்டு என்று வேதாந்தம் நிறைவோடு கூறியதை, அவ்விளையாட்டின் கீழ் நிற்பவர்களின் குரலில் ஆண்டாள் கேட்கச் செய்கிறாள். அடுத்த சூத்திரம் எழுப்பிய இரக்கமின்மை பற்றிய ஐயம், இங்கே தருக்கமாக அன்றி வழக்காகவே வந்து நிற்கிறது.

மணல் வீடு கட்டுதலை அருகிருந்து நோக்கினால் இச்சிறுமியரின் வழக்கில் உள்ள நியாயம் விளங்கும். ஈர மணலில் ஒரு பாதத்தை வைத்து, அதன்மேல் மணலைக் குவித்து, உள்ளங்கையால் தட்டித் தட்டி இறுக்கிய பின்னர், பாதத்தை மெல்ல உருவினால், பாதம் இருந்த இடம் ஓர் அறையாக நிற்கும். அவசரப்பட்டு உருவினால் கூரை சரியும். மணல் காய்ந்திருந்தாலும் சரியும். நீர் மிகுந்தால் சுவர் குழைந்து அமரும். கொட்டாங்கச்சியில் மணலை அடைத்துக் கவிழ்த்து இட்டலி எடுக்கும் குழந்தை, கச்சியின் முதுகில் எத்தனை தட்டு தட்ட வேண்டும் என்பதையும் இவ்வாறே கண்டறிகிறது. இதில் இயற்பியல் இருக்கிறது என்று சொல்லத் தோன்றுவது பெரியவர்களின் ஆசை. குழந்தைக்கு அங்கே இருப்பது வீடும் இட்டலியுமே. அவை உண்மையானவை அல்ல என்பதும் அதற்குத் தெரியும், ஆயினும் அவற்றை ஒருவர் மிதித்தால் அழுகிறது. நம்பிக்கையும் நம்பாமையும் ஒரே நேரத்தில் நிலவும் இந்நிலை, சடங்கிலும் வழிபாட்டிலும் அன்றி வேறெங்கும் இவ்வளவு இயல்பாகக் காணப்படுவதில்லை.

தோட்டத்தையும் குழந்தையையும் கடவுளையும் ஒரே கோட்பாட்டில் இணைக்க முயன்றவர் செருமானியக் கல்வியாளர் பிரீட்ரிக் ஃப்ரோபெல் (1782–1852). லூத்தரன் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்து, கனிமப் படிகங்களையும் ஆராய்ந்த அவர், எல்லாப் பொருள்களிலும் ஒரே தெய்வீக ஒருமை உறைகிறது என்றும், குழந்தையின் விளையாட்டு அவ்வொருமையின் வெளிப்பாடு என்றும் 1826இல் வெளியிட்ட ‘மனிதனின் கல்வி’ என்னும் நூலில் வாதிட்டார். 1837இல் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் அவர் தொடங்கிய நிறுவனமே 1840இல் கிண்டர்கார்டன் என்ற பெயரைப் பெற்றது. இன்று அப்பெயர் தாங்கிய பல கட்டடங்களில் ஒரு பிடி மண்கூட இல்லை. ஆனால் ஃப்ரோபெலுக்குத் தோட்டம் வெறும் உவமை அன்று. ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தியும், எல்லோருக்கும் பொதுவான பாத்திகளும் அங்கே இருக்க வேண்டும் என்று அவர் விதித்தார். தன் செடியைப் பேணும் குழந்தை, தனக்குரியதும் பொதுவானதும் எவ்வாறு இயைகின்றன என்பதை உணரும் என்பது அவர் எண்ணம். இச்சிந்தனையில் நாத்திகமும் சமவுடைமையும் மறைந்திருப்பதாக அஞ்சிய பிரஷ்ய அரசு 1851இல் கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. தடை நீங்கியது 1860இல், அவர் இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின்.

கடவுளைத் தேடிச் சென்றவருக்கு நாத்திகப் பட்டம் கிடைத்தது வரலாற்றின் குறும்பு என்றாலும், அவர் முறையில் வேறொரு குறை இருந்தது. ‘கொடைகள்’ என்று அவர் பெயரிட்ட விளையாட்டுப் பொருள்கள், கம்பளிப் பந்து, மர உருண்டை, உருளை, கனசதுரம், எட்டாகப் பிரியும் கனசதுரம் என ஒரு வரிசையில் வருவன. எல்லாத் துண்டுகளையும் பயன்படுத்த வேண்டும், ஓர் உருவத்தைக் கலைத்துப் போடாமல் அடுத்த உருவமாக மாற்றிச் செல்ல வேண்டும் என்ற ஒழுங்கும் அவற்றோடு வந்தது. சிதைத்தலுக்கு இடமில்லாத இந்த விளையாட்டில் தெய்வீக ஒருமை உண்டு, சிற்றில் இல்லை. பயனை அறிந்த ஆசிரியர், அப்பயனைக் குழந்தையின் கையிலேயே திணித்துவிட்டார்.

1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாற்றுக்கு வந்து, போரின் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்த கல்வியாளர் மரியா மாண்டிசோரி, குழந்தை பொம்மையைவிட உண்மையான வேலையையே விரும்பும் என்று கண்டவர். செடிக்கு நீர் ஊற்றுவதும் இலை கூட்டுவதும் அவர் முறையில் விளையாட்டை வென்றுவிடுகின்றன. டென்மார்க்கில் போர்க்காலத்தில், 1943இல், கோபன்ஹேகனை அடுத்த எம்ட்ரூப்பில் நிகழ்ந்தது இதற்கு மறுதுருவம். நிலத்தோற்ற வடிவமைப்பாளர் சி. டி. சோரன்சன், தாம் அழகாக வடிவமைத்த பூங்காக்களைவிடக் கட்டுமான இடங்களின் மண்மேட்டிலும் பலகைக் குவியலிலும் குழந்தைகள் ஆர்வமாக ஆடுவதைக் கவனித்தவர். அவர் கருத்தின்படி அங்கே பழம்பலகை, செங்கல், மண் ஆகியவற்றோடு ஒரு வேலியிட்ட வெளி குழந்தைகளிடம் ஒப்படைக்கப்பட்டது. தம் படைப்புகளிலேயே மிக அவலட்சணமானதும் மிகச் சிறந்ததும் அதுவே என்று பின்னர் அவர் மதிப்பிட்டார். தமிழகத் தெருவில் வீடு கட்டும் இடத்தில் கொட்டிய மணல்மேட்டின் மீது மாலையில் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அவர் கண்டுபிடிப்பு வியப்பளிக்காது.

அருணந்தி சிவாசாரியாரின் நிதானத்துக்கு இங்கே திரும்பலாம். ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்திற் கொள்ள வேண்டும்: சூத்திரத்தில் விளையாடுபவன் இறைவன், தோட்டத்தில் விளையாடுவது குழந்தை, இறைவனின் நிலையில் இருப்பவர் பெரியவர். சைவ சித்தாந்தம் கூறும் ஐந்தொழில்களுள் படைத்தல், காத்தல், அழித்தல் ஆகியவற்றுக்கும் அருளலுக்கும் இடையில் நிற்பது மறைத்தல். இறைவன் தன்னை உயிருக்குக் காட்டாமல் மறைத்து, உலக நுகர்வில் அது முழுமையாக ஈடுபடச் செய்து, அவ்வீடுபாட்டின் வழியே மலம் பக்குவப்படச் செய்வது இத்தொழில். இதனைச் செய்யும் ஆற்றலாகிய திரோதான சத்தி மலங்களின் வரிசையில் வைத்து எண்ணப்பட்டாலும், உண்மையில் அருளே என்பது சித்தாந்தத்தின் முடிபு. பயன் என்ன என்பது முன்பே தெரிந்துவிட்டால் நுகர்வு நிகழாது. நுகர்வு நிகழாவிடில் பக்குவமும் இல்லை. தோட்டத்தில் பெரியவர் செய்யத்தக்க தொழில் இதுதான். விரல் வலுப்பெறுவது பற்றி அவர் அறிந்திருக்கலாம். அறிந்ததைக் குழந்தையின் முன் வைக்காதிருப்பதே அவருடைய பங்கு. இன்று மறைத்தலுக்குப் பெரும் பகை கைபேசிக் கேமரா. மணல் இட்டலியை ஒரு முறை படமெடுத்துவிட்டால், அடுத்த இட்டலி படத்துக்காகவே பிறக்கிறது.

மறைந்திருத்தல் இல்லாதிருத்தல் அன்று. ஆழமற்ற தொட்டி நீர்கூடச் சிறு குழந்தைக்கு ஆபத்து. ஆகவே நீர் உள்ள இடத்தில் கண் அகலாத காவல் வேண்டும், அறிவுரை வேண்டா. பூவரசம் இலையைச் சுருட்டி நுனியை நசுக்கிப் பீப்பீ ஊதுவதையும், குடைந்த நுங்குக் காய்கள் இரண்டைக் குச்சியால் இணைத்துக் கவட்டைக் கம்பால் வண்டி ஓட்டுவதையும், பாக்கு மட்டையில் ஒருவரை உட்கார வைத்து இழுப்பதையும் ஒரு முறை காட்டிவிட்டு விலகுவது இம்மறைத்தலுக்கு முரணானதன்று. தொடர்ந்து அருகில் நின்று திருத்துவதுதான் முரண். ஐக்கிய நாடுகள் அவையின் குழந்தை உரிமைகளுக்கான குழு 2013இல் வெளியிட்ட 17ஆம் பொதுக் கருத்துரையும், குழந்தைகள் தாமே தொடங்கி, தாமே நடத்தி, தாமே அமைத்துக்கொள்ளும் செயலையே விளையாட்டு என்கிறது.

புதிதாக வீடு கட்டுவோர் வாயிற்கதவு வரை சிமென்ட் பூசி மூடாமல் ஒரு மூலையையாவது மண்ணாக விட்டு, கட்டுமானத்தில் மிஞ்சிய மணலை வேப்ப மரத்தடியிலோ முருங்கையடியிலோ கொட்டி, இரண்டு கொட்டாங்கச்சிகளையும் ஓட்டை வாளி ஒன்றையும் அங்கே போட்டுவைக்க வேண்டும். அவற்றை வைத்து என்ன செய்யலாம் என்று குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.