ஒரு கத்தி எதற்கு?

வாழ்நாள் முழுக்க ஒரே ஒரு கத்திதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை எடுப்பீர்கள்? வெங்காயம் நறுக்க, கயிறு அறுக்க, மீன் சுத்தம் செய்ய, காட்டில் இருந்தால் விறகு பிளக்க, எல்லாத்துக்கும் அது ஒன்றுதான். காடு சுற்றுபவர்கள் தங்களுக்குள் அடிக்கடி கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. பெரும்பாலானவர்களின் பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: மடக்காத கத்தி. ஓர் உறை, ஒரு பிடி, பிடிக்குள்ளும் தொடர்ந்து ஓடும் இரும்பு. அவ்வளவுதான்.

காரணம் எளிது. மடக்குக் கத்தியில் ஓர் அச்சாணி உண்டு, ஒரு வில் உண்டு, பல கத்திகளில் பூட்டும் உண்டு. மணல் புகுவதும், மீன் ரத்தம் காய்ந்து ஒட்டிக்கொள்வதும், பாரம் தாங்காமல் விட்டுப்போவதும் அந்த இடங்களில்தான். மடக்காத கத்தியில் அசையும் பாகமே இல்லை. அசையாத ஒன்று அசைவில் பழுதாக முடியாது.

ஆனால் வடிவத்தை முடிவு செய்த பிறகுதான் உண்மையான சிக்கல் ஆரம்பிக்கிறது. அலகு மெல்லியதாக இருந்தால் தக்காளி அழகாக நறுங்கும். கட்டையில் வைத்துத் தட்டினால் வாய் மடிந்துவிடும். தடிமனாக இருந்தால் கட்டை பிளக்கும், தக்காளி நசுங்கும். கடினமான எஃகு நாள்கணக்கில் கூர் தாங்கும், ஆனால் சில்லு தெறிக்கும், தீட்டவும் சிரமம். மென்மையான எஃகை ஆற்றங்கரைக் கல்லிலேயே தீட்டிக்கொள்ளலாம், ஆனால் சீக்கிரம் மழுங்கும். நீளம் கூடினால் வெட்டும் வீச்சு கூடும். நுணுக்கமான வேலைக்கு விரல் எட்டாது. இங்கே எந்த நன்மையும் இலவசம் இல்லை. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைத்தாக வேண்டும். பல கத்திகள் வைத்திருப்பவர் இந்தச் சண்டைகளைத் தள்ளிப்போடலாம். ஒரு கத்திக்காரர் எல்லாவற்றையும் ஒரே இரும்புத் துண்டுக்குள் தீர்த்தாக வேண்டும்.

எல்லாவற்றையும் ஓரளவு செய்வது நல்லதா, ஒன்றை மட்டும் மிகச் சிறப்பாகச் செய்வது நல்லதா? இது கத்தியைப் பற்றிய கேள்வி போலத்தான் தெரிகிறது. ஆனால் சுமார் 2,400 வருடங்களுக்கு முன்பே கிரேக்கத்தில் இதே கேள்வியைக் கத்தியை வைத்தே கேட்டுவிட்டார்கள். அங்கே கிடைத்த பதில் கத்தியோடு நிற்கவில்லை என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

பிளேட்டோவின் ‘குடியரசு’ முதல் பகுதியில் சாக்ரடீஸ் ஓர் உதாரணம் சொல்கிறார். திராட்சைக் கொடியின் கிளையைக் குறுவாளாலும் வெட்டலாம், தோல் அறுக்கும் கத்தியாலும் வெட்டலாம். ஆனால் அதற்கென்றே செய்த வளைந்த கத்திதான் மிக நன்றாக வெட்டும். ஒரு பொருளின் வேலை என்பது அது மட்டுமே செய்யக்கூடியது, அல்லது மற்ற எதையும்விட நன்றாகச் செய்வது. இதுவரை யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. அடுத்த பகுதியில் ஒரு நகரத்தைக் கற்பனையில் கட்டும்போது இந்த எண்ணம் மனிதர்களுக்கு நகர்கிறது: இயல்பால் ஒருவர் ஒரு வேலைக்குப் பொருந்துகிறவர், ஆகவே ஒருவருக்கு ஒரு தொழில்.

அரிஸ்டாட்டில் இன்னும் ஓர் அடி மேலே போனார். ‘அரசியல்’ நூலின் தொடக்கத்திலேயே டெல்பிக் கத்தி என்ற ஒன்றைக் குறிப்பிடுகிறார். பல வேலைகளுக்கும் ஆகும்படி கொல்லர்கள் செய்த கத்தி அது. அவருக்கு அதன்மேல் மரியாதை இல்லை. அது கஞ்சத்தனம் என்கிறார். இயற்கை அந்தக் கொல்லர்களைப் போலக் கஞ்சத்தனம் செய்வதில்லை, ஒவ்வொன்றையும் ஒரே பயனுக்காகப் படைக்கிறது, பல வேலைக்கு அலையாமல் ஒரு வேலைக்கு நிற்கும் கருவிதான் சிறந்தது என்பது அவர் வாதம்.

சரி, இந்த வாதம் எதற்கு? பெண்ணும் அடிமையும் இயற்கையிலேயே வேறு வேறு, இருவருக்கும் வெவ்வேறு பயன் என்று நிறுவுவதற்கு. சில பக்கங்கள் தள்ளி, அடிமை என்பவர் உயிருள்ள உடைமை, மற்றக் கருவிகளுக்கெல்லாம் முந்திய கருவி என்கிறார். கொல்லன் பட்டறையில் தொடங்கிய ஒரு பேச்சு, யார் யாருக்காகப் பிறந்தார்கள் என்பதில் போய் முடிகிறது. கத்தியைப் பற்றி அவர் சொன்னது பெரும்பாலும் சரி. அதிலிருந்து மனிதருக்குத் தாவியதுதான் கொடுமை.

இந்தத் தாவல் நமக்கு அந்நியமானது இல்லை. அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ நூலில் இதே இடத்தில் கை வைக்கிறார். சாதி என்பது வேலைப் பிரிவினைதானே, எல்லா நாகரிகங்களிலும் உள்ளதுதானே என்று வாதிட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில், அது வேலை செய்பவர்களையே பிரித்து வைக்கிறது என்பது. அதே நூலில் பிளேட்டோவையும் விசாரிக்கிறார். மனிதர்களைச் சில வகைகளுக்குள் அடைத்துவிடலாம் என்று நினைப்பது மனிதரை மேலோட்டமாகப் பார்ப்பது, ஒவ்வொருவரும் தனி என்பதை பிளேட்டோ உணரவில்லை என்கிறார். சென்னை மாநிலத்தில் 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் குழந்தைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வி என்று பெயர் வாங்கி, பெரும் எதிர்ப்புக்குப் பிறகு 1954இல் அது கைவிடப்பட்டது. கொல்லன் மகன் கொல்லன், குயவன் மகன் குயவன். ஒரு கருவி, ஒரு பயன். டெல்பிக் கத்தியைக் கேலி செய்த அந்தக் குரல் இத்தனை தூரம் வந்திருக்கிறது.

அப்படியானால் டெல்பிக் கத்தியின் பக்கம் நின்று பேசுபவர் யாருமே இல்லையா? தத்துவ நூல்களில் தேடினால் கிடைப்பது கஷ்டம். வேலை செய்தவர்களிடம் தேடலாம்.

ஹொரேஸ் கெப்ஹார்ட் என்ற அமெரிக்கர் செயின்ட் லூயிஸ் நகரில் நூலகராக இருந்தவர். 1904இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வட கரோலினாவின் ஸ்மோக்கி மலைப் பக்கம் போனார். காட்டில் முகாமிடுவது பற்றி 1906இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் அந்தத் துறையில் மதிக்கப்படுகிறது. பெரிய வேட்டைக் கத்திகளை அவர் ரசிக்கவில்லை. கோடரியின் வேலையைக் கத்தி செய்யும் என்பது வீண் கற்பனை என்றார். அவருடைய கத்தி ஒரு கிராமத்துக் கொல்லர் செய்தது. அலகு நான்கு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட, எடை சுமார் நான்கு அவுன்ஸ். பார்க்க லட்சணமே இல்லாத பொருள் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதற்குப் போட்டியாக வந்த அத்தனை கத்திகளும் சேர்ந்து செய்ததைவிட அது ஒன்று அதிகம் உழைத்தது என்கிறார்.

கவனிக்க வேண்டியது, அவர் அந்தக் கத்தியை எல்லாவற்றையும் செய்யும் அதிசயமாக நினைக்கவில்லை. மரம் வெட்டக் கோடரி இருந்தது. தினமும் கைக்கு வரும் நூறு சின்ன வேலைகளுக்கு இது. அதாவது ஒரே கத்தி என்ற தேர்வுக்கு முதல் நிபந்தனை, அதனால் ஆகாததை ஏற்றுக்கொள்வது.

ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் பெண்களிடம் ‘உலு’ என்ற கத்தி இருக்கிறது. அரை நிலா வடிவ அலகு, அதன் முதுகில் பிடி. பெண்ணின் கத்தி என்றுதான் அதற்குப் பொருளே. கடல்நாயின் தோலை உரிப்பது அதனால். கொழுப்பைச் சுரண்டுவது, இறைச்சி அரிவது, தைப்பதற்குத் தோலைக் கத்தரிப்பது, முடி வெட்டுவது எல்லாம் அதனால். பல குடும்பங்களில் அது பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போகிறது. அரிஸ்டாட்டில் இதைப் பார்த்திருந்தால் கஞ்சத்தனம் என்றிருப்பாரா? கையில் தூக்கிக்கொண்டு பனியில் நடக்க வேண்டியவர்களுக்கு ஒவ்வொரு பொருளும் ஒரு சுமை. அங்கே பல கத்திகள் என்பது வசதி ஆகாது.

எனக்குத் தோன்றுவது இதுதான். ஒரு வேலைக்கு ஒரு கருவி என்பதற்குப் பின்னால் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: நாளைக்கு என்ன வேலை வரும் என்று எனக்குத் தெரியும். அடுக்கி வைத்த சமையலறை, நிலையான வீடு, எடுத்துக் கொடுக்க ஆள். இவையெல்லாம் இருப்பவருக்குத்தான் அது தெரியும். நாளை என்ன வரும் என்று தெரியாதவர், எதற்கும் ஓரளவு ஆகிற ஒன்றைத்தான் இடுப்பில் செருகிக்கொள்வார். டெல்பிக் கத்தியில் நான் கஞ்சத்தனத்தைப் பார்க்கவில்லை. எதிர்காலத்தைப் பற்றிய அடக்கத்தைப் பார்க்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால் அரிஸ்டாட்டிலுக்கும் இது தெரியும். அதே ‘அரசியல்’ நூலின் நான்காம் பகுதியில் சின்ன நகரங்களைப் பற்றிப் பேசுகிறார். ஆள் குறைவாக இருக்கும் ஊரில் ஒருவரே பல பதவிகளைப் பார்க்க வேண்டிவரும் என்கிறார். அதற்கு அவர் தரும் உவமை, இறைச்சி சுடும் கம்பியாகவும் விளக்குத் தாங்கியாகவும் பயன்படும் ஒரே பொருள். இந்த முறை கேலி இல்லை. தேவை வந்தால் ஒரு பொருள் இரண்டு வேலை பார்க்கலாம். அப்படியானால் ஒன்றா பலவா என்பதை முடிவு செய்வது இயற்கை இல்லை, சூழ்நிலை. இயற்கையின் பெயரால் அடிமைக்கும் பெண்ணுக்கும் அவர் எழுதிய விதிக்கு அவர் நூலிலேயே ஓட்டை இருக்கிறது.

இங்கேயே நிறுத்திவிட்டால் கட்டுரை ரொம்ப வசதியாக முடிந்துவிடும். எதிர்ப்பக்கத்தையும் கேட்கணும்.

முதலாவது: உங்கள் வயிற்றைக் கிழித்துச் சிகிச்சை செய்பவர் சர்வ காரியக் கத்தியோடு வந்தால் ஒத்துக்கொள்வீர்களா? மாட்டீர்கள். தனித்திறமையும் தனிக்கருவியும் கோடிக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. என்ன வெட்டப்போகிறோம் என்று முன்பே தெரிந்த இடத்தில் அதற்கென்றே செய்த கத்திதான் நியாயம்.

இரண்டாவது: ‘ஒன்று போதும்’ என்று சொல்பவர் யார்? விலை உயர்ந்த கத்தி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு எளிமையைப் பேசுவதும், வீட்டில் இருக்கிற ஒரே வெட்டுக்கத்தியால் தேங்காயும் மீனும் முள்செடியும் வெட்டுவதும் ஒன்றா? முதலாமவர் தேர்ந்தெடுத்தார். இரண்டாமவருக்கு அதுதான் வாய்த்தது. முன்னதை வைத்துப் பின்னதை அழகாக்கிப் பேசுவது அநியாயம். போதும் என்ற சொல், இன்னும் வேண்டும் என்று கேட்க முடிந்தவர் வாயில்தான் நற்குணமாகிறது.

மூன்றாவதுதான் இந்தத் தலைமுறைக்கு நெருக்கமானது. வேலை விளம்பரங்களைப் பாருங்கள். எழுதத் தெரிய வேண்டும், வீடியோ வெட்டத் தெரிய வேண்டும், வடிவமைக்கத் தெரிய வேண்டும், வாடிக்கையாளரோடும் பேச வேண்டும். சம்பளம் ஓர் ஆளுக்கு. நாலு பேர் வேலைக்கு ஒருத்தர். இங்கே அரிஸ்டாட்டிலின் சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது: கஞ்சத்தனம். ஒரு வேலைக்குள் மனிதரை அடைப்பது கொடுமை என்றால், எல்லா வேலைக்கும் ஒருவரைத் தேய்ப்பதும் கொடுமைதான்.

அப்போ எது சரி? ஒன்றா, பலவா?

இரண்டு கொடுமையிலும் பொதுவாக இருப்பதைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. இரண்டிலுமே மனிதருக்குப் பிடி போட்டு வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள். எதற்கு வெட்ட வேண்டும் என்று கத்தியிடம் யாரும் கேட்பதில்லை, கேட்கவும் வேண்டாம். மனிதரிடம் கேட்டே ஆகணும். ஒருவர் தன் ஆயுள் முழுவதையும் ஒரே வேலையில் ஆழ்த்தலாம், பத்து வேலையில் பரப்பலாம். அதை அவர் தேர்ந்தால் இரண்டும் நல்ல வாழ்க்கைதான். மனிதரை வெறும் வழியாக மட்டும் நடத்தக் கூடாது என்று காண்ட் சொன்னதை இந்தக் கொல்லன் பட்டறை மொழியில் சொன்னால்: மனிதருக்குப் பிடி கிடையாது.

கத்திக்கு உண்டு. அதனால்தான் கத்தியை வைத்திருப்பவரிடம் சட்டம் கேள்வி கேட்கிறது. பிரிட்டனில் 1988ஆம் வருடச் சட்டப்படி, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தியைப் பொது இடத்தில் காரணம் சொல்லாமலே வைத்துக்கொள்ளலாம். மடக்காத கத்தி என்றால் எவ்வளவு சின்னதானாலும் தக்க காரணம் வேண்டும். இந்திய ஆயுத விதிகளில் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதங்களாகின்றன. ஆனால் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் என வடிவமைத்தவை அதில் சேராது. இரண்டு சட்டங்களும் தங்கள் வழியில் ஒன்றைத்தான் கேட்கின்றன: இது எதற்கு?

தக்காளிக் கத்திக்கு இந்தக் கேள்வி தேவைப்படாது. அதைச் செய்தவரே பதிலையும் சேர்த்துச் செய்துவிட்டார். எல்லாவற்றுக்குமான கத்தியில் பதில் எழுதப்படவில்லை. அது உணவு தயாரிக்கும், கட்டு அவிழ்க்கும், ஆளையும் குத்தும். இரும்பு எதையும் தடுக்காது. ஆகவே பயன் முழுக்கப் பிடித்திருக்கும் கையின் பொறுப்பாகிறது. ஒரு கத்தியைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள அறம் எளிமையில் இருப்பதாக நினைக்கிறோம். இந்தப் பொறுப்பில்தான் அது அதிகம் இருக்கிறது.

நடைமுறையில் கேட்டால் பதில் சின்னது. உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான அலகு. அலங்காரம் வேண்டாம். ஈரக்கையிலும் வழுக்காத பிடி. துருப்பிடித்தாலும் பரவாயில்லை, நீங்களே சாணைக்கல்லில் தீட்டிக்கொள்ளக்கூடிய இரும்பு. வேறொருவர் வந்து தீட்டிக் கொடுத்தால்தான் வெட்டும் என்றால் அது பாதிதான் உங்களுடையது. தீட்டும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இரும்பு போகும். பத்து வருடத்தில் அலகு ஒடுங்கியிருக்கும். எங்கே அதிகம் ஒடுங்கியிருக்கிறது என்று பார்த்தால், இத்தனை நாள் அதை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று தெரியும். எதற்கு என்ற கேள்விக்குக் கத்தியில் எழுதப்படும் ஒரே பதில் அதுதான். எழுதுவது நீங்கள்.