கல்லில் நின்ற தர்மம்

ஆலயத் திருப்பணி செய்வோன் பழைய கல்லின்மீது எவ்வளவு உரிமை உடையவன்? கும்பாபிஷேகம் நெருங்குந்தோறும் எழவேண்டிய இவ்வினா, பெரும்பாலும் எழுவதேயில்லை.

மண்டகப்பட்டில் மகேந்திரவர்ம பல்லவன் 7-ஆம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து பிரமன், சிவன், திருமால் மூவர்க்கும் கோயில் எடுத்தபோது, செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியவை இன்றி அமைத்ததாகச் சாஸனம் பொறித்தான். மரம் உளுக்கும், சுதை உதிரும், கருங்கல்லோ தலைமுறைகளைக் கடந்து நிற்கும். ஆகவேதான் பின்வந்தோர் நந்தாவிளக்குக்கும் திருவமுதுக்கும் விட்ட நிலத்தையும் பொன்னையும் ஓலையோடு நிறுத்தாமல் கல்லிலும் வெட்டுவித்தனர். இத்தர்மத்தைக் காப்பவனுடைய பாதங்கள் தம் தலைமேலன என்றும் எழுதி வைத்தனர். அவ்வணக்கம் யாருக்குரியது? இன்று படியேறி வரும் ஸேவார்த்திக்கும், உபயம் செய்யும் தனவானுக்கும் உரியதேயன்றோ?

அண்மைக் காலத்தில், சுண்ணாம்பும் எண்ணெய்ப் பிசுக்கும் போக்குவதற்கென்று மணலை விசையுடன் வீசித் தேய்க்கும் முறை பல திருக்கோயில்களில் கையாளப்பட்டது. கல் வெளுத்தது, கண்டோர் மகிழ்ந்தனர். அழுக்குடன் கல்லின் மேற்பரப்பும் போயிற்று என்பதைக் கவனித்தோர் சிலரே. எழுத்தின் விளிம்பு மழுங்கியது. சொரசொரத்துப் போன கல், நீரையும் எண்ணெயையும் முன்னிலும் எளிதாக உள்வாங்குகிறது.

பக்தியால் செய்தது பாபமாகுமோ என்று கேட்பர். அந்நிலமும் கைமாறிற்று, விளக்கும் அணைந்தது, இனி எழுத்தால் என்ன பயன் என்றும் கூறுவர். முன்னதற்கு விடை கூறுதல் கடினம். எண்ணம் தூயதாயின் தோஷம் குறையலாம். அழிந்த எழுத்து மீளாது. பின்னதற்கு விடை எளிது. கடன் தீராதிருக்கையில் பத்திரத்தைக் கிழிப்பவன், கடனைத் தீர்த்தவன் ஆகான்.

ஜீர்ணோத்தாரணம் ஆகமங்களுக்கு உடன்பாடானதே. பிளந்த உத்திரத்தை மாற்றத்தான் வேண்டும். முன்னோர் அதனை எவ்வாறு செய்தனர்? திருமழபாடியில் (சிவாலயமாயினும் தர்மம் ஒன்றே) முதலாம் இராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் விமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணையிட்டபோது, சுவரிலிருந்த சாஸனங்களைப் புத்தகத்தில் படியெடுக்கச் செய்தான். முதலாம் இராஜேந்திரனின் 14-ஆம் ஆண்டில் அவை மீண்டும் கல்லில் வெட்டப்பெற்றன. இடையே பத்தாண்டுகளுக்கு மேல் சென்றன, அரசனே மாறினான், படி மட்டும் காக்கப்பட்டது.

இன்று அத்தனை உழைப்பும் வேண்டா. ஈரத்தாளை ஒற்றி மையிட்டுப் படியெடுக்கலாம். கழற்றும் கல்லுக்கு எண்ணிட்டு, அதே வரிசையில் அடுக்கலாம். அழுக்கை நீராலும் மென்மையான தூரிகையாலும் பொறுமையாக நீக்கலாம். நாள் சற்றுக் கூடும். முகூர்த்தத்தை அதற்கேற்பத் தள்ளி வைப்பதில் எம்பெருமானுக்கு ஆட்சேபம் இருப்பதாகத் தெரியவில்லை.