புகைப்பவரின் நோயும் வினைப்பயனும்

புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வராமல் தடுக்க மருந்து தேடுவது முறைதானா என்பது அறவியலைச் சார்ந்த கேள்வியாகும். தாமே தேடிக்கொண்ட கேட்டுக்குப் பிறர் ஏன் காப்புத் தேட வேண்டும் என்று வினவுவோர், அறிந்தோ அறியாமலோ வினைக்கொள்கையைத் துணைக்கு அழைக்கின்றனர். சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாகப் பகுத்து, முன்பு ஈட்டிக் குவிந்தது, அதில் இப்பிறவியில் நுகர வந்தது, இப்போது புதிதாக ஈட்டப்படுவது என அவற்றை முறையே விளக்குகிறது. ஒருவர் தம் செயலைத் தாமே ஆராய்வதற்கு உதவும் இப்பகுப்பை, பிறருடைய நோய்க்குத் தீர்ப்புக் கூறும் அளவுகோலாக்குவது அக்கொள்கைக்கே இழைக்கும் அநீதியாகும். மேலும், புகைப்போரில் பெரும்பாலோர் அப்பழக்கத்துக்குள் நுழைவது இளம்பருவத்தில். அதை விட்டொழித்த பின்னும் பல ஆண்டுகள் ஆபத்து அவர்களைத் தொடர்கிறது.

அத்தகைய தடுப்பு மருந்துக்கான தேடலில், நாட்பட்ட அழற்சி புற்றுநோய்க்கு வழிகோலும் என்ற கருத்தும், எலிகளில் கட்டிகள் குறைந்த சோதனைகளும், ஆஸ்துமாவுக்கு உள்ளிழுக்கும் புடெசோனைடு என்னும் ஸ்டீராய்டின் மீது நம்பிக்கையை வளர்த்தன. கனடாவின் வான்கூவரில் நடந்து 2004இல் முடிவு வெளியான ஆய்வில், புகைப்பழக்கம் உள்ளவரும் அதை விட்டவருமாக 112 பேரின் மூச்சுக்குழாய்க்குள் ஒளிரும் உள்நோக்கியைச் செலுத்தி, புற்றுக்கு முந்தைய உயிரணு மாற்றம் காணப்பட்ட இடங்களிலிருந்து திசுத்துணுக்குகள் எடுக்கப்பட்டன; ஒரு பிரிவினர் ஆறு மாதம் மருந்தையும், மறு பிரிவினர் மருந்தற்ற போலியையும் உள்ளிழுத்த பின் மீண்டும் துணுக்கெடுத்துப் பார்த்தபோது, அம்மாற்றங்கள் மறைவதில் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. இத்தாலியின் மிலானில் 202 பேரிடம் இதே மருந்தைக் கொண்டு ஓராண்டு நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்விலும், நுரையீரலில் இருந்த திண்மையற்ற சில முடிச்சுகள் சுருங்கும் போக்கு தெரிந்ததே தவிர, மொத்தத்தில் பயன் நிறுவப்படவில்லை.

உண்மையில் அஞ்ச வேண்டிய இடம் வேறு. நோயாளிக்கு மருந்து தருவதும், நோய் வரக்கூடும் என்று கருதி நலமாக நடமாடுபவருக்குத் தருவதும் ஒன்றல்ல. நெடுங்காலம் புகைப்போரிலும் பெரும்பாலோருக்கு இப்புற்று வருவதில்லையாதலால், தடுப்பு மருந்தின் தீங்கு, அது தேவையே இல்லாதிருந்தவர்மீதும் விழுகிறது. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பாளர்களிடம் நடந்து 1994இல் வெளியான ஆய்வில், காய்கனிகளில் உள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாக உண்டவரிடையே நுரையீரல் புற்று 18 விழுக்காடு மிகுந்தது. அமெரிக்காவில் அதை வைட்டமின் ஏ-யுடன் சேர்த்துத் தந்த மற்றோர் ஆய்வு இதே காரணத்தால் 1996இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. நல்லெண்ணம் மட்டும் தீங்கைத் தடுக்காது என்பதால், சோதனைக்கு உடன்படுபவரிடம் பயன் கிட்டாமலும் போகலாம், கேடும் நேரலாம் என்பதை மறைக்காமல் சொல்வது ஆய்வாளரின் கடன். புகையை விட உதவாமல் மருந்தை மட்டும் சோதிப்பது, ஆய்வின் வசதிக்காக நோயின் காரணத்தையே பேணி வைப்பதாகும். குலுக்கல் முறையில் பிரித்த இரு பிரிவினருக்கும் அவ்வுதவியை ஒரே அளவில் அளித்தால் ஒப்பீடு நேர்மை கெடாது என்பதால், அதை மறுப்பதற்கு அறிவியலின் பெயராலும் காரணம் காட்ட இயலாது.