கதவில் ஒட்டிய தாள்

பக்கத்து வீட்டில் தொற்று இருந்தால், அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை நமக்கு உண்டா? 2020 மார்ச்சில், கொரோனா பரவத் தொடங்கியபோது, சென்னை மாநகராட்சி இந்தக் கேள்விக்கு அவசரமாக ஒரு பதில் சொன்னது. வெளிநாட்டிலிருந்து வந்திறங்கியவர்களின் வீட்டு வாசலில், இது தனிமைப்படுத்தப்பட்ட வீடு, யாரும் உள்ளே போகக் கூடாது என்று ஸ்டிக்கர் ஒட்டியது. அவர்களில் பெரும்பாலோருக்கு அப்போது நோயே இல்லை. விமானத்தில் வந்தவர்கள், அவ்வளவுதான். ஆழ்வார்பேட்டையில் கமல் ஹாசனின் பழைய வீட்டிலும் ஒன்று ஒட்டினார்கள். அங்கே தாம் குடியிருப்பதே இல்லை, அது கட்சி அலுவலகம் என்று அவர் விளக்கம் கொடுத்த பிறகு, தவறுதலாக ஒட்டியது என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். அவர் ஓர் அறிக்கை விட்டால் ஊரே படிக்கும். அறிக்கை விட வழியில்லாதவர்கள் கெடு முடியும்வரை அந்தத் தாளுக்குப் பின்னால் இருந்தார்கள்.

ஸ்டிக்கருக்குப் பின்னால் தகரம் வந்தது. தொற்று கண்ட வீட்டின் முன்னால், சில இடங்களில் தெருவின் இரு முனையிலும், சவுக்குக் கட்டை நட்டுத் தகர ஷீட் அடித்தார்கள். 2020 ஜூலையில் பெங்களூரில் இது உச்சத்துக்குப் போனது. தொம்மலூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டு வீடுகளின் கதவையே தகரத்தால் மூடிவிட்டார்கள். உள்ளே ஆட்கள் இருந்தார்கள். தீப்பிடித்தால் எப்படி வெளியே வருவார்கள் என்று படத்தைப் பார்த்த அத்தனை பேரும் கேட்டார்கள். தகரத்தை அடித்தவர்களுக்கு மட்டும் அது தோன்றவில்லை. மாநகராட்சி ஆணையர் மன்னிப்புக் கேட்டார்.

கொடுமை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் தீர்ப்பு எளிது. வெறும் தாள் விஷயத்தில் அவ்வளவு எளிதில்லை. அதற்கு ஆதரவாகச் சொல்லப்படுவதை முழுதாகக் கேட்டுவிடலாம்.

வட சென்னையில் ஒண்டுக்குடித்தனம் ஒன்று. ஒரே முற்றத்தைச் சுற்றி ஐந்தாறு குடும்பங்கள். எல்லாருக்கும் ஒரே கழிப்பறை, ஒரே அடிபம்பு. அதில் ஒரு வீட்டில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போய்வரும் பெரியவர் இருக்கிறார். எதிர்வீட்டுப் பையனுக்குப் பாசிட்டிவ் என்பது அவருக்குத் தெரிய வேண்டாமா? அவன் போய்வந்த அரை மணி நேரத்தில் அதே கழிப்பறைக்குள் அவர் போக நேர்வதைத் தடுக்க அந்தச் செய்தி ஒன்றுதான் வழி. பையனின் அந்தரங்கம் பெரிதா, பெரியவரின் உயிர் பெரிதா என்று கேட்டால், அறம் அறிந்த யாரும் உயிர் என்றுதான் சொல்வார்கள். அங்கே மறைப்பது குற்றம்.

ஆனால் இந்த வாதம் எதை நிரூபிக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெரியவருக்கும், அந்த முற்றத்தைப் பகிர்ந்துகொள்ளும் மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்பதை நிரூபிக்கிறது. தெருவில் போகிற வருகிற எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்பதற்கு இதில் ஒரு காரணமும் இல்லை. சுகாதார ஆய்வாளர் ஒருவர் ஐந்து வீட்டுக் கதவைத் தட்டி, கழிப்பறைக்கு யார் எப்போது போவது, குழாயடியில் எப்படி நிற்பது, மாஸ்க் போடுவது என்று பேசிவிட்டுப் போனால் வேலை முடிந்தது. அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். தாள் ஒட்ட ஒரு நிமிடம் போதும். நிர்வாகம் தாளைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று சந்தேகிக்க இடமிருக்கிறது.

தாள் பலன் தருமா என்பதிலும் சிக்கல் உண்டு. கொரோனா கிருமி, காய்ச்சல் வருவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே பரவத் தொடங்குகிறது. காய்ச்சலே வராதவர்களிடமிருந்தும் பரவுகிறது. ஒருவருக்கு உடம்பு வலித்து, அவர் பரிசோதனைக்குப் போய், முடிவு வந்து, ஆள் வந்து ஸ்டிக்கர் ஒட்டுவதற்குள் பரவ வேண்டியதில் பெரும்பகுதி பரவியிருக்கும். அதைவிட மோசம், ஸ்டிக்கர் இல்லாத வீடு பத்திரமான வீடு என்று தெரு நம்பத் தொடங்கிவிடுகிறது. எதிர்வீட்டைப் பார்த்ததும் மூக்குவரை மாஸ்க்கை இழுத்துவிடுகிறவர், பெட்டிக்கடையில் அதைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு அரைமணி நேரம் கதை பேசுகிறார். ஆபத்து கடையில்தான் இருந்தது.

பலன் இவ்வளவு குறைவு என்றால் அதற்குக் கொடுத்த விலை என்ன என்று பார்க்க வேண்டும். பால்காரர் தெருமுனையிலேயே வண்டியைத் திருப்பினார். தண்ணீர் கேன் போடுகிறவர் போனை எடுக்கவில்லை. வாசற்படிக்கு வெளியே கோடு கிழித்ததுபோல் பிளீச்சிங் பவுடர் கொட்டிக் கிடந்தது. அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு கிண்ணம் ரசம் உள்ளே போகவில்லை. கெடு முடிந்து தாளைக் கிழித்த பிறகும் கோந்து காய்ந்த தடம் கதவில் இருந்தது. வேலைக்கு வந்துகொண்டிருந்த அம்மாவை மாதக்கணக்கில் மற்ற வீடுகள் கூப்பிடவில்லை. மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்துவிட்டு வந்த செவிலியரை வீட்டுக்காரர்கள் காலி செய்யச் சொன்னார்கள். மருத்துவப் பணியாளர்களுக்கு இது நாடு முழுவதும் நடந்ததால்தான் 2020 ஏப்ரல் 22-ஆம் தேதி மத்திய அரசு அவர்களைக் காக்க அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது.

அதற்கு மூன்று நாள் முன்பு, ஏப்ரல் 19-ஆம் தேதி இரவு, சென்னையில் நடந்தது இந்த ஊருக்குத் தீராத தலைகுனிவு. தொற்றில் இறந்த மூத்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலைக் கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்ய விடவில்லை. வேலங்காட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே கும்பல் கூடி ஆம்புலன்ஸ் மீது கல்லெறிந்தது. கடைசியில் உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவரே மண்வெட்டி பிடித்து மண் தள்ள வேண்டியிருந்தது. புதைத்த உடலிலிருந்து கிருமி கிளம்பி வரும் என்று யாரோ சொன்னதை நம்பியவர்கள் அவர்கள். இந்த வெறியை ஸ்டிக்கர் உண்டாக்கியது என்று சொல்வது மிகை. ஆனால் தொற்று கண்ட வீடு விலக்கப்பட வேண்டிய வீடு என்று வாரக்கணக்கில் கதவுதோறும் எழுதிவைத்தது அரசு. அந்தப் பாடத்தைச் சிலர் இடுகாடுவரை கொண்டுபோனார்கள். தமிழக அரசு சில நாளில் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, இறுதிச் சடங்கைத் தடுப்பதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

தமிழ்நாட்டுக்கு வாசலில் அடையாளம் வைப்பது புதிதும் அல்ல. வீட்டில் அம்மை போட்டிருந்தால் நிலைப்படியில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவைப்பது வழக்கம். அதைப் பார்த்தால் விருந்தாளி திரும்பிப் போவார். பிச்சைக்குக்கூட யாரும் குரல் கொடுக்க மாட்டார்கள். ஸ்டிக்கர் சொன்ன அதே செய்திதான். ஆனாலும் அந்த வீட்டார் கூனிக் குறுகவில்லை. வேப்பிலையை அவர்களே பறித்து வந்து அவர்களே செருகினார்கள். வந்திருப்பது மாரியம்மன் என்று ஊரும் நம்பியது. தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் அதை அவர்களே எடுத்துப் போட்டார்கள். எதிர்வீட்டிலிருந்து இளநீரும் நுங்கும் திண்ணைவரை வந்தன. இதைப் பொற்காலமாக்கிக் காட்ட வேண்டியதில்லை. அதே நம்பிக்கைதான் எத்தனையோ குழந்தைகளுக்கு அம்மைத் தடுப்பூசி போடவிடாமலும் செய்தது. பெரியம்மை ஒழிந்தது ஊசியால்தான். ஆனாலும் ஒரு விஷயம் இதிலிருந்து தெளிவாகிறது. வாசலில் அடையாளம் இருப்பதே அவமானம் ஆகிவிடாது. யார் வைக்கிறார்கள், வைத்ததற்குப் பதிலாக அந்த வீட்டுக்கு என்ன வந்து சேருகிறது, எடுப்பது யார் கையில் இருக்கிறது என்ற மூன்றும்தான் அதை அவமானமாகவோ மரியாதையாகவோ ஆக்குகின்றன.

அரசுக்கும் இந்த அனுபவம் இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், இதே சென்னையில், டாக்டர் சுனீதி சாலமன் தலைமையில் நடந்த ஆய்வில்தான். ஆரம்ப ஆண்டுகளில் அந்த நோயாளிகள் பட்ட பாடு சொல்லி மாளாது. பெயர் வெளியே போகாது என்ற உறுதி இருந்தால்தான் ஆட்கள் பரிசோதனைக்கு வருவார்கள் என்பதை நலவாழ்வுத் துறை மெல்ல மெல்லக் கற்றது; 2017-இல் அது சட்டமாகவே ஆனது. எச்.ஐ.வி. மூச்சுக்காற்றில் பரவாது, கொரோனா பரவும். ஆகவே விதி அப்படியே பொருந்தாது. மனித சுபாவம் இரண்டுக்கும் ஒன்றுதான். பரிசோதித்துக்கொண்டால் வாசலில் தாள் விழும் என்று தெரிந்தவர், மெடிக்கலில் பாரசிட்டமால் வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போவார். தினக்கூலிக்காரர் நிச்சயம் போவார். 2020 மே 5-ஆம் தேதி கோயம்பேடு சந்தை மூடப்பட்டபோது, அங்கே மூட்டை தூக்கியவர்கள் கிடைத்த லாரியில் ஏறி அரியலூருக்கும் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் போய்ச் சேர்ந்தார்கள். ‘கோயம்பேட்டுக்காரர்’ என்பது சில நாளிலேயே வசைச்சொல் ஆனது. அப்படிப்பட்ட நேரத்தில் எந்த ஊரில் எவர் தானாக வந்து, நானும் அங்கேதான் இருந்தேன் என்று சொல்வார்?

ஒரு கூட்டத்துக்கே பெயர் வைப்பதும் இதே ஒட்டும் வேலைதான். மார்ச்சில் தில்லியில் நடந்த தப்லீக் ஜமாஅத் என்ற இஸ்லாமிய அமைப்பின் கூட்டத்துக்குப் போய்வந்தவர்களின் எண்ணிக்கையை அன்றாடச் செய்தியாளர் சந்திப்பில் தனியாகச் சொன்னார்கள். தொற்றின் தடத்தைப் பிடிக்க அந்தக் கணக்கு அதிகாரிகளுக்குத் தேவை. தொலைக்காட்சியில் மாலைதோறும் வாசிக்கத் தேவையில்லை. நோய்க்கு மதச்சாயம் பூச வேண்டாம் என்று அன்றைய சுகாதாரத் துறைச் செயலர் பீலா ராஜேஷ் கேட்டுக்கொண்டார். பிறகு அரசுக் குறிப்பில் அது ‘ஒற்றை மூல நிகழ்வு’ என்று மாறியது. அதற்குள் சொல் பரவிவிட்டது.

செய்தி சொல்வதில் பக்குவம் காட்டியவர்களும் உண்டு. கேரளத்தின் பத்தனம்திட்டாவில் இத்தாலியிலிருந்து வந்த குடும்பம் ஒன்றின் மூலம் தொற்று பரவியபோது, மாவட்ட நிர்வாகம் அவர்கள் பெயரைச் சொல்லாமல், எந்த நாளில் எந்த நேரத்தில் எந்தக் கடையில், எந்த அலுவலகத்தில் இருந்தார்கள் என்ற வழித்தடத்தை மட்டும் வெளியிட்டது. அங்கே இருந்தவர்கள் தாமாகப் போன் செய்தார்கள். ஆனால் ஊர் சும்மா இருக்கவில்லை. யார் என்று கண்டுபிடித்துத் திட்டத்தான் செய்தது. தென் கொரியாவில் வழித்தடம் மிக நுணுக்கமாக வெளிவந்து, எந்த விடுதிக்கு யாருடன் போனார் என்பதுவரை கேலிப்பொருளாக, அந்நாட்டு மனித உரிமை ஆணையம் 2020 மார்ச்சிலேயே தலையிட வேண்டியிருந்தது. மே மாதம் சோல் நகரின் இதேவோன் பகுதி இரவு விடுதிகளில் தொற்று பரவியபோது பெயர் சொல்லாமலே பரிசோதனை செய்துகொள்ள வழிசெய்தார்கள். ஆட்கள் வந்தார்கள்.

சென்னையிலும் தாளுக்கு நேர்மாறான ஒன்று நடந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் தினமும் வீடுவீடாகப் போய்க் காய்ச்சல் உண்டா என்று கேட்டார்கள். தெருமுனையில் ஷாமியானா போட்டுக் காய்ச்சல் முகாம் நடந்தது. தனிமையில் இருந்த வீடுகளுக்குக் காய்கறியும் மருந்தும் வாங்கித் தர மாநகராட்சி தன்னார்வலர்களை அமர்த்தியது. அந்த இளைஞர்கள் போன் செய்து, இன்றைக்கு என்ன வேண்டும் அக்கா என்று கேட்ட வீடுகளில் கதவுத் தாள் அவ்வளவாக உறுத்தியிருக்காது. அதே தாள், அதே வாசகம். ஆனால் கூடவே ஒரு கை வந்தது. அந்தக் கை போகாத தெருக்களும் நிறைய இருந்தன.

எனவே அரசுக்கும் அடைபட்டவருக்கும் இடையே இருப்பது கொடுக்கல் வாங்கல். ஊருக்காக ஒருவரை இரண்டு வாரம் வீட்டோடு இருக்கச் சொன்னால், அந்த இரண்டு வாரக் கூலி ஊரின் கடன். குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாய் அந்த ஏப்ரலில் கிடைத்தது. ஒரு கொத்தனாருக்கு அது இரண்டு நாள் கூலிகூட வராது. கடனைத் தீர்க்காமல் அவர் வெளியே வந்ததற்கு வழக்குப் போடும் உரிமை எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. சட்டத்தில் இருக்கலாம், அறத்தில் இல்லை. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் இருக்கும் இடத்தில் வீட்டுத் தனிமை என்பதே பொய் என்று தாராவியில் மும்பை மாநகராட்சி சீக்கிரமே ஒப்புக்கொண்டது. பள்ளிக்கூடங்களையும் மண்டபங்களையும் முகாமாக்கி, சாப்பாடு போட்டு ஆட்களை அங்கே தங்கவைத்தது. அங்கே வசிக்கும் எத்தனையோ திருநெல்வேலிக் குடும்பங்களுக்கு அதன் அருமை தெரியும்.

அரசை மட்டும் குறை சொல்லி முடித்துக்கொள்ளவும் முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் பல, மாநகராட்சி கேட்டதைவிட அதிகமாகக் கேட்டன. இன்ன பிளாட்டில் பாசிட்டிவ் என்று வாட்ஸ்அப் குழுவில் அறிக்கை வரும், கதவு எண்ணோடு. லிப்ட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்மானம் போடுவார்கள். வேலைக்கார அம்மாவுக்குத் தடை, உணவு டெலிவரிப் பையனுக்கு அனுமதி. கூட்டிக் கழித்துப் பார்த்தால் இதில் மருத்துவம் கொஞ்சம்தான். பழைய விலக்குப் பழக்கம் புது மாஸ்க் போட்டுக்கொண்டது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் கதவுத் தாளை எதிர்த்த வழக்கு வந்தபோது, இப்படித் தாள் ஒட்டப்பட்டவர்களை மற்றவர்கள் தீண்டத்தகாதவர்கள்போல நடத்துகிறார்கள் என்று நீதிபதிகளே சொன்னார்கள். அதைச் சொல்ல வெளிநாட்டு உதாரணம் எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

டிசம்பர் 9-ஆம் தேதி தீர்ப்பு வந்தது: பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி உரிய அதிகாரி குறிப்பாக உத்தரவிட்டால் ஒழிய, வீட்டு முன்னால் அறிவிப்பு ஒட்டக் கூடாது. இப்படி ஒட்டச் சொல்லி நாங்கள் யாருக்கும் வழிகாட்டவே இல்லை என்று மத்திய அரசு அந்த வழக்கில் சொல்லியிருந்தது. யாரும் சொல்லாமலே நாடெங்கும் லட்சக்கணக்கான கதவுகளில் தாள் ஏறியிருக்கிறது. முதல் அலை அடங்கிய பிறகு வந்த தீர்ப்பு என்பதால் அதைப் பற்றி அதிகம் பேச்சும் எழவில்லை. ‘குறிப்பாக உத்தரவிட்டால்’ என்ற வாசல் திறந்தே இருக்கிறது.

இந்த அதிகாரங்களுக்கெல்லாம் மூத்தது 1897-இன் கொள்ளைநோய்ச் சட்டம். பம்பாயில் பிளேக் பரவியபோது அவசரமாக எழுதியது, நாலே பிரிவு. அதைக் கையில் வைத்துக்கொண்டு புணேயில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனை போட்ட விதம்தான் ராண்ட் என்ற அதிகாரியைச் சாபேகர் சகோதரர்கள் சுடுவதில் போய் முடிந்தது. உத்தரவை மீறுபவருக்குத் தண்டனை உண்டு என்கிறது ஒரு பிரிவு. நல்லெண்ணத்தில் செயல்பட்ட அதிகாரி மீது வழக்குத் தொடர முடியாது என்கிறது இன்னொரு பிரிவு. 2020-இல் அதைத் திருத்தியபோது மருத்துவப் பணியாளரைத் தாக்குபவருக்குக் கடும் தண்டனை சேர்த்தார்கள், அது வேண்டியதுதான். அடைத்துவைத்த வீட்டுக்கு அரிசியும் கூலியும் யார் பொறுப்பு, கதவில் ஒட்டியதை எந்த நாளில் யார் வந்து கிழிக்க வேண்டும், தவறாக ஒட்டினால் யாரிடம் முறையிடுவது என்பவற்றைச் சேர்க்க அப்போதும் யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த தொற்று வருமுன் வார்டு அலுவலகங்களுக்குப் புதிய வழிகாட்டி எழுத உட்காருகிறவர்கள், தாளின் வாசகத்தை எழுதுவதற்கு முன்னால் இந்த மூன்றையும் எழுதட்டும்.