பத்தியம் யாருக்கு?

சர்க்கரை வியாதி வந்திருக்கிறது என்று தெரிந்ததும் ஒரு வீட்டுக்கு முதலில் வந்து சேருகிறவர் வைத்தியர் அல்லர்; நீதிபதி. சில சமயம் மைத்துனர் உருவத்தில் வருவார். சில சமயம் அடுத்த வீட்டுக்காரர் உருவத்தில் வருவார். நாற்காலியில் உட்கார்ந்து காப்பியை வாங்கிக்கொண்டதும் விசாரணை ஆரம்பமாகிவிடும். "இனிப்பு ஜாஸ்தி சாப்பிடுவீங்களோ?" "நடக்கிற பழக்கமே இல்லையோ?" பதில் எதுவானாலும் தீர்ப்பு ஒன்றுதான்: "வாயைக் கட்டியிருந்தால் வந்திருக்குமா?"

மஞ்சட்காமாலை கண்டவனை யாரும் இப்படிக் கேட்பதில்லை. அவனுக்கு அனுதாபம் கிடைக்கிறது. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு போன்ற நீண்டநாள் நோய்களுக்கு மட்டும் அனுதாபத்தோடு ஒரு குற்றப்பத்திரிகையும் சேர்ந்து வருகிறது. நம் பாட்டனார் காலத்தில், தீராத நோய் வந்தால் போன பிறவியின் வினை என்றார்கள். நாம் படித்தவர்கள், வினையை நம்புவதில்லை. ஆனால் அதே பழியை "வாழ்க்கை முறை" என்று பெயர் மாற்றி வீட்டுக்குள் அழைத்துக்கொண்டோம். போன பிறவியின் பாவம் போய், போன வருஷத்துப் பலகாரம் வந்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியானால் உணவுக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு. நன்றாகவே உண்டு. திருவள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதில் மூலிகைப் பெயர் ஒன்றையாவது தேடிப் பாருங்கள், கிடைக்காது. பத்துக் குறளில் ஆறு, உண்பதைப் பற்றியே பேசுகின்றன. முன்பு உண்டது செரித்ததா என்று பார், பசித்தபின் உண், அளவறிந்து உண் என்பதுதான் அவருடைய வைத்தியத்தில் பெரும்பகுதி. அளவு நம் கையில் இருக்கிறது என்று அவர் நம்பியிருக்கிறார். நம்பாதவர் புத்தி சொல்ல மாட்டார்.

இக்காலத்து வைத்தியர்களும் அதை நம்பினார்கள். நம்பியதோடு நில்லாமல் எண்ணியும் பார்த்தார்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் நடத்திய ஓர் ஆராய்ச்சி 2006ஆம் ஆண்டு வெளியாயிற்று. இரத்தத்தில் சர்க்கரை சற்றே ஏறியிருந்தும் இன்னும் நோயாளி ஆகாத 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு சாராருக்கு வழக்கமாகச் சொல்லும் சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒரு சாராருக்கு மாவுப் பண்டத்தையும் கொழுப்பையும் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டவும், தினம் அரைமணி நேரமாவது விறுவிறுவென்று நடக்கவும் சொல்லி, விடாமல் நினைவூட்டி வந்தார்கள். மற்றவர்களுக்கு மாத்திரையும், மாத்திரையோடு இந்தப் பழக்கங்களும் தரப்பட்டன. மூன்றாண்டு முடிவில் முதல் சாராரில் 100க்கு 55 பேர் நோயாளிகள் ஆனார்கள். பழக்கத்தை மாற்றிக்கொண்டவர்களில் 100க்கு 39 பேர். மாத்திரை மட்டும் விழுங்கியவர்கள் ஏறக்குறைய 40 பேர். பழக்கமும் மாத்திரையும் தராசில் சமமாக நின்றன!

இந்தக் கணக்கை மேடையில் சொல்கிறவர்கள், 55 என்பது 39 ஆயிற்றே என்று கைதட்டல் வாங்குவார்கள். கைதட்ட வேண்டியதுதான். 100 குடும்பத்தில் 16 குடும்பம் தப்பியது என்றால் சின்ன விஷயமா? ஆனால் என் மனம் அந்த 39 பேரிடமே போய் நிற்கிறது. அவர்களிலும் சோற்றைக் குறைத்தவர்கள் உண்டு; நடந்தவர்கள் உண்டு; சொன்னபடி கேட்டவர்கள் உண்டு. ஆனாலும் நோய் வந்தது. தாய் தந்தையர் வழி வந்த உடல்வாகு, வயது, தூக்கம், கவலை என்று எத்தனையோ காரணங்கள் ஒரு மனிதனுக்குள் கூடிக் கூத்தாடுகின்றன. அந்த 39 பேரில் ஒருவரைப் பார்த்து, "வாயைக் கட்டியிருந்தால் வந்திருக்குமா?" என்று கேட்பது எத்தனை பெரிய அநியாயம்!

ஆகவே அந்தக் கணக்கு இரண்டு உண்மைகளைச் சொல்கிறது. நம்மால் ஆவது இருக்கிறது; அதனால் கடமை உண்டு. எல்லாமே நம்மால் ஆவதில்லை; அதனால் பழி கிடையாது. கடமை உண்டு, பழி இல்லை. இந்த இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொள்வதுதான் நமக்குக் கடினமாக இருக்கிறது.

பழனிக்கு வடக்கே கீரனூர் பக்கம் போய்ப் பாருங்கள். புன்செய் பூமி. கம்பும் சோளமும் சாப்பிட்டு வளர்ந்த தலைமுறை அங்கே இன்னும் இருக்கிறது. அரிசிச் சோறு அவர்களுக்குப் பண்டிகைச் சாப்பாடு. "கம்பங்கூழ் குடிச்ச வரைக்கும் எங்களுக்கு எந்தச் சீக்கும் இல்லீங்க" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நகரத்திலிருந்து போகிறவர் அதைக் கேட்டு மயங்கிவிடுகிறார். ஊருக்குத் திரும்பி ஒரு மூட்டைக் கம்பு வாங்கிப் போடுகிறார். கம்போடு சேர்ந்து கமலை இறைத்ததும், உரலில் மாவு இடித்ததும், சந்தைக்கு நடந்து போனதும் அவருக்குத் தெரிவதில்லை. கம்பும் மாவுப் பொருள்தான். உட்கார்ந்த இடத்தில் அளவில்லாமல் உண்டால் அதுவும் இரத்தத்தில் சர்க்கரையாகத்தான் சேரும். அந்தக் காலத்தில் பட்டினி கிடந்த நாட்களையும் பெரியவர்கள் நம்மிடம் விரிவாகச் சொல்வதில்லை. ரேஷன் அரிசி வந்தது; 2011ஆம் ஆண்டு ஜூன் முதல் இலவசமாகவே வந்தது. பசி போயிற்று. பசியைப் போக்கிய அரிசியை இன்று வில்லன் ஆக்குவது நன்றி கொன்ற செயல். அரிசி மாறவில்லை, தட்டில் அதன் பக்கத்தில் இருந்த பருப்பும் கீரையும் சுருங்கின. வேலை சுருங்கிற்று. சோறு மட்டும் சுருங்கவில்லை.

2023ஆம் ஆண்டு வெளியான கணக்கின்படி நம் நாட்டில் நீரிழிவுக்காரர்கள் 10 கோடிக்கு மேல். நகரத்தில் 100க்கு 16 பேர். கிராமத்தில் 9 பேர். 10 கோடிப் பேரும் ஒரே சமயத்தில் ஒழுக்கம் கெட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியுமா?

சரி, கடமை யாருடையது? நோயாளியுடையது என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். ஆனால் நம் வீடுகளில் எவர் தமக்கு வேண்டிய உணவைத் தாமே தீர்மானித்து உண்கிறார்? ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் இலையின் மேல் இரண்டு கையையும் குடையாகப் பிடிக்கிறார். பரிமாறுகிறவரோ மாப்பிள்ளை முறை. "ஒரு நாளைக்குச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுங்க மாமா" என்று விரலிடுக்கு வழியாக ஜிலேபியை நழுவ விடுகிறார். மறுத்தால் முகம் வாடும், உறவு வாடும். அந்த ஒரு நாள், முகூர்த்த மாதத்தில் எட்டு நாளாகிறது. அன்பு என்று பெயர் வைத்து நாம் செய்கிற இந்தப் பலாத்காரத்துக்கு யார் பொறுப்பு? உபசாரம் நம் பெருமை. ஆனால் விருந்தாளியின் வயிற்றை அறிந்து கொடுப்பதல்லவா உபசாரம்? நம் ஆசையை அவர் இலையில் கொட்டுவது எப்படி உபசாரமாகும்?

பந்தியாவது பலர் அறிய நடக்கிறது. வீட்டுக்குள் நடப்பதை ஒருவரும் பார்ப்பதில்லை. குடும்பத் தலைவருக்குச் சர்க்கரை என்றால் மறுநாளே அடுக்களை மாறிவிடுகிறது. கோதுமை வருகிறது, கீரை வருகிறது, எட்டு மணிக்கே இரவுச் சாப்பாடு முடிகிறது. அவர் மனைவியும் வாய் திறவாமல் அதையே சாப்பிடுகிறாள். அதே நோய் அவளுக்கு வந்தால் என்ன மாறுகிறது? கணவருக்கும் மகனுக்கும் வெள்ளைச் சோறு வேண்டும். அதை அவளே வடிக்கிறாள். தனக்கென்று ஒரு பிடி கீரை வதக்கிக்கொள்ள அவளுக்குக் கூச்சம். எல்லோரும் சாப்பிட்டு முடிய மணி பத்தாகிறது. பொரியல் தீர்ந்திருக்கும், சோறு மிச்சமிருக்கும். வீணாக்கக் கூடாது என்று ரசத்தை விட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறாள். காலையில் பழையதும் அவள் பங்கு. ஆறு மாதம் கழித்து வைத்தியர் சர்க்கரை ஏறியிருக்கிறது என்கிறார். மகன் சொல்கிறான்: "அம்மாவுக்கு வாயைக் கட்டத் தெரியாது, டாக்டர்."

வாயைக் கட்டியே வாழ்ந்தவளைப் பற்றிச் சொன்ன சொல் அது! தன் பசியைக் கடைசியில் வைத்ததுதான் அவள் செய்த குற்றம். குடும்பத்தின் சிக்கனம் அத்தனையும் அவள் உடம்பில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது.

பத்தியம் தனி ஒருவரால் ஆகிற காரியம் அன்று. சேர்ந்து செய்தால்தான் மனிதனுக்குக் கட்டுப்பாடு சுலபமாகிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களைப் பாருங்கள். வைத்தியர் சொன்ன அரைமணி நேரத்தை மாதக்கணக்கில் நடக்காதவர், கூட்டத்தோடு சேர்ந்ததும் நாள் முழுவதும் நடக்கிறார். (கால் மரத்துப்போன நீரிழிவுக்காரர் செருப்பில்லாமல் நடந்து புண் தேடிக்கொள்வது வேறு விஷயம், அவர் வைத்தியரைக் கேட்டுவிட்டே புறப்பட வேண்டும்.) கீரனூரின் முஸ்லிம் தெருக்களில் ரமலான் மாதம் முழுவதும் பகலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிறார்களே, தெருவே நோன்பிருப்பதால் அல்லவா அது முடிகிறது? அத்தனை கண்டிப்பான நோன்பிலும், நோயாளி பின்னொரு நாளில் நோற்றுக்கொள்ளலாம் என்று அந்த மார்க்கம் விலக்கும் அளித்திருக்கிறது. கடமையைச் சொன்ன இடத்திலேயே கருணையையும் சொன்னார்கள். நம் வீட்டு நீதிபதிகள் இதைக் கற்றுக்கொண்டால் நல்லது.

அளவும் நமக்குப் புதியதன்று. பழனிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சம்பழம், கற்கண்டு, நெய், தேன் என்று இனிப்பும் கொழுப்பும் ஒன்றாய்க் கூடியிருக்கின்றன. ஆனால் பிரசாதம் என்பது உள்ளங்கைக் குழியில் விழுகிற ஒரு துளி. அதை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டால் போதும் என்பதுதான் வழக்கம். டப்பாவில் அரைக்கிலோ வாங்கி, வீட்டில் கரண்டியால் எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தபோது பண்டம் மாறவில்லை. பக்தி பலகாரமாக மாறிவிட்டது.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தால் இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பெரிய காரியம், வயலுக்குப் போகிறவளுக்கு அது ஒரு நாள் கூலி மிச்சம். ஆனால் மாத்திரை வாசல்வரைதான் வரும். வாசலிலிருந்து அடுக்களைக்கு உள்ள பத்தடி தூரத்தை வீட்டார்தான் நடக்க வேண்டும்.

மருத்துவத்துக்கு நான்கு பகுதிகள் என்று வள்ளுவர் கணக்குச் சொன்னார். நோயாளி, வைத்தியன், மருந்து, நான்காவதாக அருகிலிருந்து கவனிப்பவன். கால் பங்கு நம்முடையது. சோறு வடிக்கும்போது ஒரு பிடி அரிசியைக் குறைத்து ஒரு கட்டுக் கீரையைக் கூட்டுவதும், அதை எல்லோர் தட்டிலும் ஒன்றுபோல வைப்பதும், கடைசியில் உண்கிறவளை முதலில் உட்கார வைப்பதும், சாப்பிட்டபின் இரண்டு பேராகத் தெருக்கோடிவரை நடந்து வருவதும் அந்தக் கால் பங்கில் அடங்கும். இத்தனையும் செய்த பிறகும் நோய் வரலாம். வந்தால், யார் மேல் குற்றம் என்று தேடாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வதும் அந்தக் கால் பங்கிலேயே சேரும்.